அத்தானுக்கு எதிராக ஒரு வாக்கு

கிட்ட வந்து இருங்கோ, ஹீட்டர் இந்தப் பக்கம்தான். எழுபத்து நாலாம் ஆண்டு கதை இது. ஆடி மாதம், மெல்பேணில் பல் கிட்டுகிற குளிர்.

அப்போது கிளேட்டனில் எங்கள் தமிழ்ச் சங்கம் என்றால் நாற்பது குடும்பம். அதற்குள்ளும் இரண்டு கட்சி. ஒன்று தலைவர் அரியரத்தினத்தார் கட்சி, மற்றது விக்னராஜா கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் வீட்டு டி.வி.யில் அமெரிக்கச் செய்தி. அந்த நாட்டு ஜனாதிபதி ஏதோ மூடி மறைத்து மாட்டுப்பட்டுப் போனார். விசாரணைக் குழுவில் பெயர் கூப்பிடக் கூப்பிட, அவருடைய கட்சிக்காரர் சிலரே அவருக்கு எதிராகச் சொன்னார்கள்.

"மனிசரெண்டால் இவங்கள்தான்!" சிறிதரன் தொடையில் தட்டினார். தலைவரின் வலக்கை அவர். "கட்சி வேறை, நியாயம் வேறை. எங்கடை ஆக்களுக்கு இது வருமே?"

"சீவியத்திலை வராது," என்றார் அரியரத்தினத்தார்.

மூலையில் வரதராஜா சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சங்கத்தின் செயலாளர். தலைவரின் மனைவி இராஜேஸ்வரியின் தம்பி. கல்யாணம் கட்டாத ஆள். இந்த நாட்டில் அவருக்குச் சொந்தம் என்றால் அந்த ஒரு வீடுதான்.

அந்தக் கிழமையே, நகரத்தின் மற்றக் கரையிலுள்ள வெரிபீயிலிருந்து பவளம் என்றொரு நேர்ஸ் அவருக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, சங்கத்திலை சேர மூண்டு தரம் விண்ணப்பம் போட்டனான். பதிலில்லை. பொங்கலுக்கும் கூப்பிடேல்லை. கதைக்க ஒரு தமிழ்ச் சனம் இல்லாமல் இருக்கிறன். நான் என்ன பிழை செய்தனான்?"

சங்கத்துக்கு விலாசம் தலைவர் வீட்டு விலாசம்தான். வரதராஜா போய் அத்தானின் மேசை லாச்சியை இழுத்தார். உள்ளே பதினான்கு பேரின் விண்ணப்பங்கள்.

"என்ன அத்தான் இது?"

"எல்லாம் விக்னராஜான்ரை ஆக்கள். எலெக்சன் முடியட்டும், பிறகு சேர்ப்பம். ஆரும் கேட்டால் தபால் வரேல்லை எண்டு சொல்லு."

பதினான்கு பேரும் விக்னராஜாவிடம் முறையிட்டார்கள். அவர் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்.

கூட்டத்துக்கு முதல்நாள் இராஜேஸ்வரி போன் எடுத்தா.

"தம்பி, ஸ்பொன்சர் பண்ணி உன்னை இஞ்சை எடுத்தது ஆர்?"

"அத்தான்தான், அக்கா."

"அதை மறந்து நாளைக்கு வாயைத் திறந்தியெண்டால், இந்த வீட்டுப் படி ஏறாதை."

சங்க நிர்வாகக் குழுவில் தலைவரை விட்டால் ஏழு பேர். அவர் பக்கம் நாலு, விக்னராஜா பக்கம் மூன்று. துண்டு எழுதிப் போடுவோம் என்றார் விக்னராஜா. சிறிதரன் விடவில்லை.

"ஏன் ஒளிப்பு? அமெரிக்காவிலை மாதிரிப் பேர் கூப்பிடுவம். தலைவற்றை முகத்தைப் பாத்து வாயாலை சொல்லட்டும்."

முகத்தைப் பார்த்து யாருக்குச் சொல்ல வாய் வரும் என்ற துணிவு அவருக்கு.

மூன்றுக்கு மூன்று என்று வந்து நின்றது. கடைசிப் பெயர் வரதராஜா.

"விண்ணப்பங்கள் வந்தது. லாச்சிக்குள்ளை கண்டனான்." அவர் தலைவரின் முகத்தைப் பார்த்தார். "அத்தான் விலகத்தான் வேணும்."

அரியரத்தினத்தார் குளிர்க் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

"துரோகி!" என்று கத்தினார் சிறிதரன். "சோறு போட்ட வீட்டுக்கே! பெரிய கெட்டிக்காரன், தலைவர் பதவிக்கு அடி போடுறான்."

பதவியைக் கொடுக்கத்தான் பார்த்தார்கள். வரதராஜா வேண்டாம் என்றார். அதையும் நடிப்பு என்றார்கள். விக்னராஜா தலைவரானார். பவளம் உட்படப் பதினான்கு பேரையும் சேர்த்தாயிற்று.

வரதராஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அக்கா வீட்டுச் சோற்றுக்குப் பதில் கடைப் பாணும் தகரத்து மீனும். போன் அடிக்கவேயில்லை. பழுதோ என்று ஒருநாள் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். டயல் டோன் நன்றாகத்தான் கேட்டது. இரண்டு தரம் அக்கா வீட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

அடுத்த மாதக் கூட்டம். புதுத் தலைவருக்குப் பக்கத்தில் இருந்தவர், வேறு யார், சிறிதரன்தான். அவர் எழும்பினார்.

"அரியரத்தினத்தாலை சங்கத்துக்கே வெக்கக்கேடு. அந்தக் குடும்பத்தை அங்கத்தவர் பட்டியலிலையிருந்து வெட்டவேணும். சம்மதமான ஆக்கள் எழும்புங்கோ."

விக்னராஜாவும் அவர் ஆட்கள் இரண்டு பேரும் எழும்பினார்கள். போன மாதம் பழைய தலைவருக்காக நின்ற மற்ற இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு அவர்களும் எழும்பினார்கள்.

வரதராஜா மட்டும் அசையவில்லை.

"என்ன காணும், நீர்தானே அந்தாளைக் காட்டிக் குடுத்தனீர்?" சிறிதரன் சிரித்தார். "எழும்புமன்."

"ஆக்களைச் சேர்க்காமல் விட்டது பிழையெண்டுதான் நான் சொன்னனான்," என்றார் வரதராஜா.

பிறகு பேனையைத் திறந்து, மடியில் கிடந்த கூட்டக் குறிப்புக் கொப்பியில் 'எதிர்ப்பு: ஒன்று' என்று எழுதினார்.