இடம் மாறிய ஆறு

வரைபட அறையின் மின்விசிறி நின்றுபோயிருக்கிறது. மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் கோட்டை நண்பகலுக்குள் போட்டாக வேண்டும். மை தோய்த்த பேனாவோடு குனிந்திருக்கும் வரைவாளர், வியர்வை காகிதத்தில் சொட்டிவிடாமல் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொள்கிறார். எதிரே அதிகாரி விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். "ஆறுதான் எல்லை. பழைய வரைபடத்துல இருக்கறபடி போடுங்க." அந்த ஆறு ஒரு பெருவெள்ளத்தில் தடம் மாறி, வரைவாளரின் அக்காள் வாழ்க்கைப்பட்ட ஊரை இக்கரைக்குத் தள்ளிவிட்டது. பழையபடி கோடு போட்டால் ஊர் அக்கரை மாவட்டத்துக்குப் போய்விடும்; ஆற்றுக்குப் பாலமும் இல்லை. சன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே நிற்கிறாள் அக்காள். "ஒரு பிரசவம்னாலும் படகேறிப் போகச் சொல்றியா தம்பி?" அதிகாரியின் குரல் உயர்கிறது. "அக்கா ஊருக்காக ஆத்தையே நகர்த்துவீங்களோ?" வரைவாளர் பேனாவை மறுபடி மையில் தோய்க்கிறார். "நான் நகர்த்தலைங்க. அது நகர்ந்து முப்பது வருஷமாச்சு." பேனா, இன்று தண்ணீர் ஓடும் வழியிலேயே மெல்ல வளைந்து போகிறது. தடுக்க நீண்ட அதிகாரியின் கை பாதியில் நின்றுவிடுகிறது. "கீழ உங்க பேரைப் போடுங்க. கேள்வி வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்." வரைவாளர் முழுப் பெயரையும் எழுதுகிறார், ஓர் எழுத்துகூடச் சிதையாமல்.