கடைசி வாசலில் நிற்பவர்

தலைக்கவசம் மாட்டி ஆடும் அந்த மெய்நிகர் விளையாட்டில் ராஜ்யத்தை மீட்கப் போகும் வீரன், கடைசி வாசலில் தன் உயிருக்கு உயிரானவரை உதறிவிட்டு நடக்க வேண்டும். கதிரேசனுக்கு அங்கே மனைவி உமையாள்தான் நின்றாள். மாதக்கணக்கில் அவன் தோற்றுத் திரும்பியதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

இன்று தலைக்கவசத்தைக் கழற்றியவன் முகத்தில் துறவியின் அமைதி. "தாண்டிட்டேன்."

உமையாள் வேண்டுமென்றே சீண்டினாள். "உங்கம்மா வைக்கிற ரசம் கழனித்தண்ணி." வழக்கமாக இதற்கு ஒரு வாரம் சண்டை நடக்கும்.

"இருக்கலாம்."

"நான் எங்க வீட்டுக்கே போயிடுறேன்."

"உனக்கு எது நிம்மதியோ, அதைச் செய்."

அவள் கவசத்தை மாட்டிக்கொண்டு, அவன் தாண்டிய அந்தக் கடைசி வாசலிலிருந்து விளையாட்டைத் தொடங்கினாள். வாசலில் கதிரேசன் நின்றிருந்தான். "போகாதடி" என்று அழுதபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

உமையாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.