அவருக்குப் பிடித்த மீட்டர்

"எதை வாங்கினாலும் அவரு பார்த்துப் பிடிச்சாத்தான்" என்ற எர்லிந்தா, கடை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையின் மேல் கைப்பையை மார்போடு சேர்த்து அணைத்திருந்தாள்.

"வரட்டும் மேடம், அவசரமே இல்ல" என்றார் நெஸ்தோர். மூன்று நாளாக ஒரு மீன்குஞ்சுகூட விற்காத மீன்தொட்டிக் கடைக்காரருக்கு என்ன அவசரம் இருக்க முடியும்?

பசாய் சந்தையில் மாலை நான்கு மணிக்கு வண்டி நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதிலும் பக்கத்தில் பாசிங்கின் நூடுல்ஸ் கடை. தெருமுனைச் சாவு மண்டபத்தில் துக்கம் கேட்டுவிட்டு வருகிறவர்கள் யாரும் நேரே வீட்டுக்குப் போக மாட்டார்கள். போனால் செத்தவரும் கூடவே வந்துவிடுவார். அதனால் பாசிங் கடையில் ஒரு தட்டு சாப்பிட்டு, அவரை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புவார்கள். பாசிங்கின் அடுப்பு அணைந்ததே இல்லை.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே இந்த அம்மாளின் கணவர் வண்டியை வைத்துக்கொண்டு அல்லாடுகிறார் போலும் என்று நெஸ்தோர் நினைத்தார்.

"தொட்டியில இருக்கற பவளத்துக்கு வெளிச்சம் அளக்கணும். பதினோரு வருஷமா வளர்த்தது, எல்லாம் வெளுத்துப் போச்சு."

"சார் எதை வச்சு அளந்தாரு?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆபீஸ் மேசைக்கு வெளிச்சம் போதுமா என்று பார்க்கிற மலிவு மீட்டர்.

நெஸ்தோருக்குச் சிரிப்பு வந்தது. "எல்லாரும் செய்யற தப்புதான் மேடம். இது நம்ம கண்ணு மாதிரி. நீல வெளிச்சம் எவ்வளவு அடிச்சாலும் கம்மியாத்தான் காட்டும். பார்க்க மங்கலா இருக்கும், உள்ள பவளம் வெந்துட்டிருக்கும். போதலைன்னு சார் விளக்கை இன்னும் ஏத்தியிருப்பாரு."

"ஏத்தினாரு. ராவும் பகலும் அந்தத் தொட்டி முன்னாடியேதான். தப்பு எங்கன்னு கடைசி வரைக்கும் புரியல." அவள் குரல் உள்ளே போயிற்று. "அவருக்கு நிம்மதி வேணும், கூயா. எனக்குத் தூக்கம் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

கூயா என்று அண்ணன் முறை வைத்து அழைத்தது நெஸ்தோரைத் தொட்டுவிட்டது. விலை அதிகமான மீட்டரையே எடுத்தார். நீளக் கம்பியின் நுனியில் பொத்தான் அளவுக்கு ஒரு உணரி இருந்தது. அதைக் கடையின் பத்தடித் தொட்டிக்குள் இறக்கி, பவளத்தின் பக்கத்தில் பிடித்தார்.

"பவளம் திங்கற வெளிச்சத்தை மட்டும் இது எண்ணும். நம்ம கண்ணு ஏமாறலாம், இது ஏமாறாது. பாருங்க, இருநூத்திப் பத்து. ஆனா தொட்டி மேல குனியக் கூடாது." அவரே குனிந்து காட்டினார். எண் நூற்று முப்பதுக்கு இறங்கியது. "தலை நிழல் விழுது பாருங்க." நிமிர்ந்ததும் பழையபடி ஏறியது.

எர்லிந்தா மீட்டரைப் பார்க்கவில்லை. தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுது நாலடிதான். இது விக்கறதுக்கா?"

"கடையை வித்தாலும் விப்பேன், இதை விக்க மாட்டேன் மேடம்."

"தினமும் விளக்கு எரியுமா?"

"ஒரு நாள்கூடத் தவறாது."

"நல்லது" என்றாள்.

மீட்டர் வாங்க வந்தவள் கேட்கிற கேள்வியா என்று நெஸ்தோர் யோசிக்கும்போதே எண் இறங்கியது. நூற்று முப்பது. இருவரும் தொட்டியை விட்டு ஒரு கை தள்ளித்தான் நின்றார்கள்.

"கரண்ட் சரியில்ல" என்று விளக்கை நிமிர்ந்து பார்த்தார். அது எப்போதும்போல் எரிந்தது. உணரியை எடுத்துத் துடைத்து மறுபடி இறக்கினார். இருநூற்றுப் பத்து. பிறகு யாரோ ஆசையாக எட்டிப் பார்ப்பது போல, மெல்ல மெல்ல நூற்று முப்பது. அங்கேயே நின்றுவிட்டது.

"பிடிச்சிருச்சு" என்றாள் எர்லிந்தா. கண்கள் நிறைந்திருந்தன. பேரம் பேசாமல் பணத்தை மேசையில் வைத்தாள். தொட்டியை ஒரு முறை பார்த்துவிட்டு வேகமாக வெளியே போனாள்.

நெஸ்தோர் மீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து நிமிர்ந்தபோது அவள் வாசலில் நின்ற மூன்றுசக்கர வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியோடு ஓடினார்.

"மேடம், மீட்டரை விட்டுட்டீங்களே. சாரும் இன்னும் வரலையே?"

"அது அவருக்குன்னு வாங்கினது. அந்தத் தொட்டி பக்கத்துலயே வைங்க" என்றவள், கைப்பையை மடியில் இறக்கிவிட்டு வண்டிக்காரனிடம் திரும்பினாள். "எங்கயும் நிக்காம வீட்டுக்குப் போப்பா."

அப்போதுதான் நெஸ்தோர் பார்த்தார். அவள் வெள்ளைச் சட்டையின் மார்பில், துக்க வீட்டுக்காரர்கள் குத்திக்கொள்ளும் சின்னக் கறுப்புப் பட்டை இருந்தது.

அவர் கடைக்குள் இருந்த தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாரையும் மாதிரி நீங்களும் பாசிங் கடையில நின்னிருக்கலாமே, மேடம்?"

வண்டி நகர்ந்தது. எர்லிந்தா தலையை நீட்டிச் சொன்னாள்:

"ஒரு தட்டு நூடுல்ஸுக்கெல்லாம் அவரு நிக்கற ஆளு இல்ல, கூயா."