எதிர்க்கரை

ஓய்வு பெற்ற மறுவாரமே மங்கையர்க்கரசி பாய்மரம் கட்டிய நீர்ச்சறுக்குப் பலகை ஒன்றை வாங்கிவிட்டாள். அதைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு, கணவர் தனபாலோடு நகரத்தை ஒட்டிய கரையெல்லாம் அலைந்தாள். காற்று இருந்த இடத்தில் அலை புரட்டியது. அலை அடங்கிய இடத்தில் காற்றில்லை. கடைசியில் இந்த உப்பங்கழி கிடைத்தது. மதியம் கடற்காற்று எழுந்ததும் பாய் புடைத்தது. முதல்முறையாக அவள் விழவில்லை.

“போதும் மங்கை, திரும்பி வா!” என்று தனபால் கத்தினார்.

பலகையைத் திருப்ப அவளுக்கு இன்னும் தெரியாது. அது எதிர்க்கரையில் போய்த்தான் நின்றது. அங்கே சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

“எப்படிக்கா திரும்பிப் போவீங்க?”

“காத்து மாறினா போயிடலாம்ல?”

“அது ராவுக்குத்தான் மாறும்.”

மங்கை தூரத்துக் கணவருக்குச் சிரித்தபடி கையசைத்தாள். பிறகு சேற்றில் குந்தி, “மட்டி எங்க கெடக்கும், காட்டு” என்றாள்.