இன்னும் இரண்டு கிழமை

மாமனார் பாலச்சந்திரன் கோயில் தலைவர். குடித்தவனின் நிழல் பட்டாலே முழுகுபவர். அவர் ஊரிலிருந்து வெளிநாட்டு நகரமான ஷ்லீரனுக்கு மகள் ரிஷானி வீட்டில் தங்க வந்த நாளிலிருந்து, மருமகன் நிலன் கெல்லர் எனும் நிலவறையில் காய்ச்சி அடைத்து வைத்திருந்த பேல் ஏல் பியரில் தினம் ஒரு போத்தில் குறைந்தது.

இரவுச் சாப்பாட்டில் நிலன் மெல்லத் தொடங்கினான்.

"மாமா, பியர் போத்திலுக்கை இன்னும் ரெண்டு கிழமை கிடந்தாத்தான் பதமா வரும். இப்ப குடிச்சா ஈஸ்ட் மணக்கும்."

"அதை ஏன் எனக்குச் சொல்லுறீர்?"

"நான் எடுக்கேல்லை. ரிஷானி குடிக்கிறேல்லை. மிச்சம் நீங்கள்தானே."

பாலச்சந்திரனின் முகம் சிவந்தது. "இந்த வயசுவரைக்கும் ஒரு சொட்டு என்ரை தொண்டையாலை இறங்கேல்லை."

"அப்பாவை விடுங்கோ," என்றபடி ரிஷானி குசினியிலிருந்து வந்தாள். "நான்தான் எடுத்தனான். அவருக்கு ஒவ்வொரு நாளும் அப்பம் வேணும். இஞ்சை கள்ளுக்கு எங்கை போறது? உங்கடை பியர் கிடந்து முத்தினா ஈஸ்ட் அடங்கிப்போம். இப்ப ஊத்தினாத்தான் மா பொங்குது."

பாலச்சந்திரன் கையிலிருந்த ஐந்தாவது அப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பிய்த்து வாயில் வைத்தார்.

"தம்பி, அடுத்தமுறை கொஞ்சம் கூடக் காய்ச்சும்."