நகக்கண்ணில் பச்சை மை

இந்தக் கையால் பிள்ளைக்கு எப்படிச் சோறு ஊட்டுவது என்று செங்கமலம் நினைத்துக்கொண்டாள். அரசாங்க அச்சகத்தில் பழைய பண நோட்டுகளின் மேல் கூடுதலாக ஒரு சைபரைக் குத்துவது அவள் வேலை. வியர்வையும் மீனும் வெற்றிலைச் சாறும் நாறும் நோட்டுகள். குத்தக் குத்தப் பச்சை மை நகக்கண்ணில் ஏறிக்கொள்ளும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அச்சக வாசலில் பால் விற்கும் பவுனு முதலில் பார்ப்பது அந்த நகத்தைத்தான். மை ஈரமாக இருந்தால், இன்றும் ஒரு சைபர் ஏறிவிட்டது என்று விலையைப் பத்து மடங்காக்கிவிடுவாள்.

"நேத்து வெலைக்கே குடுக்கா, புள்ளைக்குத்தான்."

"எம்மாடு அதே ரெண்டு படிதான் கறக்குது தாயி. நீதான் தெனம் ஒரு சைபர் கறக்குற."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காலையில் வாங்கிய கூலி ஆழாக்குப் பாலுக்கும் போதவில்லை. செங்கமலம் வெறும் தூக்குவாளியோடு வேலைக்குத் திரும்பினாள்.

மேற்பார்வையாளர் தர்மலிங்கம் புது முத்திரைக்கட்டையை நீட்டினார். அதில் இரண்டு சைபர்கள் இருந்தன.

"இனிமே இதக் குத்தும்மா. கூலிய ரெட்டிப்பாக்கிட்டாங்க, சந்தோஷந்தானே?"

கூலி இரண்டு மடங்கு; இரண்டு சைபருக்குப் பவுனு விலையை நூறு மடங்காக்குவாள். அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் பொதிந்துகொண்டாள்.

"வேண்டாம் சார்," என்றாள் மெதுவாக. "எம்புள்ள பால் குடிக்கணும்."