ஒரு ஜோடி வூஃபர்

"உன் ஸ்பீக்கர் பெட்டி பாட்டை முழுங்குது ஈஸ்வரா. அதை உன் மூஞ்சிக்கு நேராவே சொல்றேன்," என்றார் பரீது ராவுத்தர்.

"சொல்லுங்க ராவுத்தரே. அதைத் தீர்க்கத்தானே இந்தப் பொண்ணு வந்திருக்குது," என்றார் ஈஸ்வரன்.

மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

இந்தப் பொண்ணு என்றது நஸ்ரினை. பரீதுவின் மகள் ஹஸீபாவுக்குச் சிநேகிதி. "பாலக்காட்டுல வேலை பாக்கறா அத்தா. சத்தத்தை அளக்கறதுதான் அவ வேலையே," என்று சொல்லி ஹஸீபா கூட்டி வந்திருந்தாள்.

கொழிஞ்சாம்பாறையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பரீதுவுக்குப் பழைய வூஃபர் ஸ்பீக்கர் என்றால் உயிர். மூடிப்போன டாக்கீஸ் ஒன்றிலிருந்து பத்து இஞ்சு வூஃபர் ஒரு ஜோடி அவர் கைக்கு வந்தது. நாற்பது வருஷத்துச் சரக்கு. காகிதக் கூம்பில் ஒரு கீறல் கிடையாது. ஒன்றுக்குப் பலாப்பலகையில் தானே பெட்டி அடித்தார். அதற்குள் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இன்னொன்றுக்கு முப்பது வருஷ நண்பர் ஈஸ்வரன் தன் தச்சுப் பட்டறையில் பிளைவுட்டில் அடித்துக் கொடுத்தார். அளவு ஒன்றுதான். இரண்டிலும் மேலே, மேல்சுருதிக்கென்று ஒரு சின்ன ட்வீட்டர், அதுவும் ஒரே மாதிரி.

கூடத்தில் நாற்காலிக்கு எதிரே, வலப்பக்கம் தன் பெட்டியும் இடப்பக்கம் ஈஸ்வரன் பெட்டியுமாக வைத்துப் பாட்டுப் போட்டார் பரீது. தன் பெட்டியில் பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஈஸ்வரன் பெட்டியில் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு முழக்கம்தான்.

மனசில் பட்டதை டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். "எனக்கே மட்டப் பலகை போட்டுக் குடுத்துட்டான்."

பேச்சு ஊரைச் சுற்றியது. ஈஸ்வரனிடம் எட்டுப் பெட்டி சொல்லி வைத்திருந்த கோயில் கமிட்டிக்காரர்கள் வேறு ஆசாரியைப் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா, தினமும் கேக்கறவங்க நீங்கதான். நீங்களே சொல்லுங்க," என்றாள் நஸ்ரின். "நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்காருங்க. ரெண்டும் இருந்த இடத்துலயே இருக்கட்டும். நான் வயரை மாத்தி மாத்திப் போடறேன். எது நல்லாருக்கு, எது நல்லால்லன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எம்பெட்டியை எனக்குத் தெரியும் அம்மிணி."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. பல்லவி முடிவதற்குள் கையை உயர்த்தினார்.

"இது ஈஸ்வரன் பெட்டி. அதே முழக்கம்."

வயர் மாறியது. அதே பாட்டு, முதலிலிருந்து.

"இது எம்பெட்டி. சொல்லு சொல்லா வந்து விழுகுது பாரு."

நஸ்ரின் வரிசையை மாற்றினாள். ஒரே பெட்டியை அடுத்தடுத்து இரண்டு முறை போட்டாள். பத்துத் தடவை போட்டதில் பரீது ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரியாத்தானே சொன்னேன்?"

நஸ்ரின் சற்றுத் தயங்கினாள். "பத்தும் மாறிப்போச்சுங்க மாமா. நீங்க நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம் இவர் பெட்டி. முழக்கம்னு சொன்னதெல்லாம் உங்க பெட்டிங்க."

பரீது தன் பெட்டிக்குப் போய்ப் பின்பலகையைத் தட்டிப் பார்த்தார். திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. பிறகு ஈஸ்வரன் எதிரில் வந்து நின்றார்.

"பெரிய தப்புப் பண்ணிட்டேன் ஈஸ்வரா. என் கை வேலையிலதான் கோளாறு. அது தெரியாம உன் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டேன். இன்னிக்கே கமிட்டிக்காரங்ககிட்டப் போறேன். டீக்கடையிலயும் என் வாயாலயே சொல்றேன்."

ஜெயித்த மனுஷன் தலை நிமிரவில்லை. "உங்க பெட்டியும் நல்ல பெட்டிதாங்க ராவுத்தரே," என்றார் தரையைப் பார்த்து.

"ஆறுதல் சொல்லாதப்பா. பத்துத் தடவை கேட்டுட்டேன்."

"அவர் சொல்றது நெசந்தானுங்க மாமா," என்றாள் நஸ்ரின். "பெட்டி ரெண்டும் ஒரே மாதிரிதான் பாடுது. நேரா உட்கார்ந்தப்ப உங்க இடப்பக்கம் இவர் பெட்டி இருந்துச்சு. திரும்பி உட்கார்ந்ததும் உங்க பெட்டி இடப்பக்கம் வந்துருச்சு. எப்பவும் இடப்பக்கம் இருக்கறதுதான் உங்களுக்கு முழக்கமாக் கேக்குது. எது எந்தப் பக்கம் இருந்து பாடுதுன்னுகூட உங்களுக்குப் பிடிபடல. நான் வேலை பாக்கறது காது ஆஸ்பத்திரியிலங்க. நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

பரீதுவின் கை தானாக இடது காதுக்குப் போனது. மகளைப் பார்த்தார். "இதை எப்பக் கண்டுபிடிச்சே?"

"நான் எங்கத்தா கண்டுபிடிச்சேன்," என்றாள் ஹஸீபா. "கோயில் வேலை கைவிட்டுப் போன அன்னிக்கே ஈஸ்வரன் மாமா என்னைத் தேடி வந்து, 'அத்தா மேல கோவிச்சுக்காதே கண்ணு, அவருக்கு இடது காது கேக்கல, முதல்ல அதைக் கவனி'ன்னு சொல்லிட்டுப் போனாரு."